பதினாலாம் தகவலாளி

இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை உரக்கப் படித்து முடித்து, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "தண்ணி குடிக்கிறீங்களாப்பா?" என்று கேட்டாள் சுருக்கு. பதில் இல்லை. அப்பா சாய்வு நாற்காலியில் எப்போதும் போலத்தான் இருந்தார். கண் மூடியிருந்தது. அது ஒன்றும் புதிதல்ல. பார்வை மங்கிப்போன இந்த மூன்று வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பதுதான் அவர் வழக்கம். வலது கை நாற்காலியின் பிடிமேல் இருந்தது, தட்டுவதற்குத் தயாராக நடுவிரலை மடக்கியபடி. அவள் எழுந்து போய் அந்தக் கையைத் தொட்டாள். தொட்ட வேகத்தில் எடுத்துவிட்டாள். கை சில்லிட்டுப் போயிருந்தது.

அப்போது மணி பதினொன்று பத்து. நேரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்வது அவள் தொழில் புத்தி. அப்பா செத்துக் கிடக்கும்போதும் அது விடவில்லை.

சுருக்கு என்பது வீட்டில் வைத்த பெயர். நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளர் வேலை, இருபத்திரண்டு வருஷம். சாட்சி சொன்னதை எழுதுவாள், சொல்லாததை எழுதமாட்டாள். கூண்டில் நிற்கிறவன் தேம்பித் தேம்பி அழுதாலும், 'அழுதார்' என்று நீதிபதி வாயால் சொன்னால்தான் அவள் தாளில் அவன் அழுவான். அப்படி ஒரு பிடிவாதம். கல்யாணம் வேண்டாம் என்றதிலும் அதே பிடிவாதம்தான் என்று அம்மா இருந்தவரை புலம்பிக்கொண்டிருந்தாள்.

அப்பா ஓய்வுபெற்ற பேராசிரியர். ஒரு வட்டாரத்தை எடுத்துக்கொண்டு அதன் மண், மக்கள், பிழைப்பு, பேச்சு எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து ஆராய்கிற துறை அவருடையது. அந்தத் துறையில் வருகிற முனைவர் பட்ட ஆய்வேடுகளில் மிகச் சிறந்த ஒன்றுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பதக்கம் தருவார்கள். நாற்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் முதல் பதக்கத்தை வாங்கியவரே அவர்தான். இப்போது மூன்று நடுவர்களில் மூத்தவர். எழுதியவர் பெயரைக் கிழித்துவிட்டு, அட்டையில் வெறும் எண்ணை ஒட்டி நான்கு ஆய்வேடுகள் வந்திருந்தன. மற்ற இரண்டு நடுவர்களில் ஒருவர் முதல் எண்ணுக்கும் இன்னொருவர் மூன்றாம் எண்ணுக்கும் முதலிடம் கொடுத்துவிட்டார்கள். இனி அப்பா யாரைச் சொல்கிறாரோ அவருக்குத்தான். இன்று மாலை ஐந்து மணிக்குள் அறிக்கை போக வேண்டும்.

கண் போன பிறகு படிப்பது அவள், கேட்பது அவர். நடுவில் பேச்சு கூடாது. ஒரு வரி பிடித்திருந்தால் நாற்காலிப் பிடியில் ஒரு தட்டு தட்டுவார். அவள் ஓரத்தில் ஒரு கோடு போடுவாள். சந்தேகம் என்றால் இரண்டு தட்டு, இரண்டு கோடு. படித்து முடித்ததும் கோடுகளை வைத்துக்கொண்டு அவர் சொல்லச் சொல்ல அவள் அறிக்கை எழுதுவாள். படிக்கிற வாய் ஒரு பக்கம், கோடு போடுகிற கை ஒரு பக்கம். காதில் விழுந்ததைக் கை எழுதிவிடும், நடுவில் புத்தி குறுக்கே வராது. இத்தனை வருஷத்துப் பழக்கம்.

தெருமுனை டாக்டரம்மா பதினொன்றரைக்கு வந்தாள். தாடையை அசைத்துப் பார்த்தாள், கையைத் தூக்கி விட்டாள், கண்ணுக்குள் விளக்கடித்தாள்.

"பத்து மணிக்கு முன்னாடியே போயிருக்கணும்மா. தாடை விறைக்க ஆரம்பிச்சிடுச்சு பாருங்க."

"இல்லீங்க, பதினோரு மணி வரைக்கும் தட்டிக்கிட்டு இருந்தார். நான்தான் படிச்சுக்கிட்டிருந்தேன்."

டாக்டரம்மா அவளை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு தோளில் கை வைத்து, நீங்க முதல்ல ஒரு வாய் காப்பி குடிங்க என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அந்தக் கரிசனம் சுருக்குக்குப் பிடிக்கவில்லை. பொய்ச் சாட்சி சொல்கிறவர்களைத்தான் நீதிமன்றத்தில் அப்படித் தட்டிக்கொடுத்துக் கீழே இறக்குவார்கள்.

அவர் கடைசியாகப் பேசியது ஒன்பதரைக்கு. மாத்திரை கொடுத்த நேரம், அதனால் நன்றாகத் தெரியும். அதற்கு முன்னால் நடந்ததைத்தான் அவளால் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

மூன்றாம் எண் ஆய்வேடு அப்பா ஆய்வு செய்த அதே சதுப்பு நிலக் கரையைப் பற்றியது. ஒரு பெரிய ஏரி, அதற்கு அக்கரையில் சேற்றிலும் நாணலிலும் பிழைக்கிற குடும்பங்கள். அப்பா அந்தக் காலத்தில் பதினாலு பேரிடம் பேட்டி எடுத்திருந்தார். பெயர் போடாமல் எண் போடுவது அவர்கள் முறை. பதினாலாம் தகவலாளி ஒரு படகுக்காரி. அவள் பேசுவதுபோல வரும் அறுபது பக்கம்தான் அப்பாவுக்குப் பதக்கம் வாங்கிக்கொடுத்தது. புத்தகமாக வந்தபோதும் ஊர் உலகமெல்லாம் அவளைத்தான் மேற்கோள் காட்டினார்கள். பேட்டி பாதியில் நிற்கும். "மீதியை நாளைக்குச் சொல்றேன்" என்று படகுக்காரி சொல்வதோடு முடியும். அது பெரிய அழகு என்று விமர்சகர்கள் எழுதினார்கள். அம்மாவுக்கு மட்டும் அவளைக் கண்டால் ஆகாது. வீட்டில் சண்டை வந்தால், "போய் உங்க பதினாலாம் நம்பரை சமைக்கச் சொல்லுங்க" என்பாள். அப்பா வாயே திறக்கமாட்டார். சிரிப்பை அடக்குகிறார் என்றுதான் பிள்ளைகள் நினைத்திருந்தார்கள்.

இந்தப் புது ஆய்வேடு அந்தப் படகுக்காரியின் மகனைத் தேடிக் கண்டுபிடித்திருந்தது. அவள் இறந்து பதினெட்டு வருஷமாம். கரையில் அவள் படகைக் கவிழ்த்து வைத்திருக்கிறார்களாம், படம்கூட ஒட்டியிருந்தது. நூற்று எண்பத்தோராம் பக்கத்தில் ஒரு வரி வந்தது. 'பேசத் தொடங்குவதற்கு முன் தன் தாய் படகின் விளிம்பை மூன்று முறை தட்டுவார் என்று மகன் கூறினார்.'

"நிறுத்து," என்றார் அப்பா. படிக்கும்போது அவர் பேசியது அதுதான் முதல் தடவை.

அவள் நிறுத்தினாள்.

"அந்தம்மா கிடையாதும்மா. அப்படி ஒரு ஆளே கிடையாது. பதிமூணு பேர்கிட்டதான் பேசினேன். மழை புடிச்சுக்கிச்சு, மூணு வாரம் படகு ஓடல. நான் இக்கரையில விடுதியில மாட்டிக்கிட்டேன். என் வழிகாட்டி அத்தியாயத்தை அனுப்பு அனுப்புன்னு உயிர வாங்குறார். உக்காந்து நானே ஒரு பொம்பளைய எழுதினேன். அப்புறம் போய் சரி பண்ணிக்கலாம்னு நெனச்சேன். அதுக்குள்ள பதக்கம் குடுத்துட்டாங்க."

அவள் கை குறிப்பேட்டில் சுருக்கெழுத்தாக எழுதிக்கொண்டே இருந்தது. முகத்தில் ஒன்றும் காட்டவில்லை, நீதிமன்றத்திலும் காட்டமாட்டாள். இவரையா இத்தனை நாள் நம்பினோம் என்று கோபம் வந்தது, கூடவே இந்த வயதில் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று பாவமாகவும் இருந்தது.

"அப்ப இந்தப் பிள்ளை எழுதினதும் பொய்யாப்பா? உங்க புத்தகத்தப் படிச்சுட்டு யாரோ அளந்துவிட்டிருக்காங்களா?"

"அப்படித்தான் நெனச்சேன், இந்த வரி வர்ற வரைக்கும்." அவர் குரல் இறங்கிவிட்டது. "அந்த மூணு தட்டு என் புத்தகத்துல இல்ல. எழுதவே இல்ல. கதை மாதிரி இருக்குன்னு மனசுலயே வெட்டிட்டேன். உங்கம்மாகிட்டகூட சொன்னதில்ல."

மாத்திரையைக் கொடுத்தாள், விழுங்கினார்.

"தப்பு என்னோடது. பிள்ளையோடது இல்ல, அது போய்ப் பாத்திருக்கு. நான் போகல. மிச்சத்தப் படி. முழுசும் கேட்டுட்டு முடிவச் சொல்றேன்." பிறகு, "அந்தப் பிரம்பு நாற்காலிய இப்படி எதிர இழுத்துப் போடு," என்றார்.

"கால் நீட்டிக்கவா?"

அவர் காலை உள்ளே மடக்கிக்கொண்டார். "ம், படி," என்றார். அவ்வளவுதான். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு நூற்று எண்பத்திரண்டிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். முப்பது பக்கம், ஒன்றரை மணி நேரம் படித்திருக்கிறாள். செத்துப்போனவருக்கு ஏற்ற இறக்கத்தோடு படித்துக் காட்டியிருக்கிறாள். எந்தப் பக்கத்தில் அவர் கேட்பதை நிறுத்தினார் என்று தெரிந்தால் போதும் போல இருந்தது.

அண்ணன் பன்னிரண்டரைக்கு வந்து சேர்ந்தான். வங்கி மேலாளர்; சாவு வீட்டிலும் பத்து பேரை ஏவினால்தான் அவனுக்குக் கை கால் ஓடும். கூடத்தில் கட்டில் போட்டு அப்பாவைக் கிடத்தியது, வீட்டிலிருந்த நாற்காலிகளை எல்லாம் கூடத்துக்கு எடுத்து வந்தது, ஆறு மணிக்கு வண்டி சொன்னது எல்லாம் அவன்தான். கண்ணாடி அலமாரியிலிருந்து அந்தப் பழைய பதக்கத்தை எடுத்து வேட்டி நுனியால் துடைத்து அப்பாவின் நெஞ்சில் வைத்தான். வைத்துவிட்டு, குழந்தை மாதிரி விசும்பி அழுதான். அவனுக்கு அப்பா என்றால் அந்தப் பதக்கம்தான். பள்ளிக்கூடத்தில் அதைத் திருட்டுத்தனமாகக் கொண்டுபோய்க் காட்டி அடிவாங்கியவன்.

இரண்டு மணிக்குப் பரிசுக் குழுவின் செயலாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். நன்றாகவே வருத்தப்பட்டார். பிறகு மென்று விழுங்கினார். இந்த நேரத்தில் கேட்கக்கூடாதுதான், இருந்தாலும் நாளைக்கு விழா, ஐயா ஏதாவது சொல்லியிருந்தால் நீங்கள் எழுதி அனுப்பினால்கூடப் போதும், உங்களைத் தெரியாதா என்றார். கடைசியில், அடுத்த தடவையிலிருந்து பரிசுக்கு ஐயா பெயரையே வைப்பதாகப் பேச்சிருக்கிறது என்றும் சொன்னார். பக்கத்தில் நின்ற அண்ணன் காதில் அது விழுந்தது. ஈரக் கண்ணோடு அவன் முகம் மலர்ந்ததைப் பார்க்க அவளால் முடியவில்லை. அப்பாவின் அறைக்குள் போய்விட்டாள்.

அங்கே அந்த ஆய்வேட்டைத் திருப்பிப் பார்த்தாள். நூற்று எண்பத்தோராம் பக்கம் வரைக்கும் ஒற்றைக் கோடு, இரட்டைக் கோடு, எல்லாம் வழக்கம் போல இருந்தன. நூற்று எண்பத்து நாலாம் பக்கத்தில் மூன்று கோடு. நூற்றுத் தொண்ணூறில் மூன்று. இருநூற்றுமூன்றில் மூன்று. இருநூற்றுப் பதினொன்றில் இரண்டு இடத்தில் மும்மூன்று. ஒற்றையோ இரட்டையோ ஒரு இடத்திலும் இல்லை. எல்லாம் அவள் கையால் போட்டவைதான், பென்சில் அழுத்தமும் அவளுடையதுதான். மூன்று தட்டு என்று அப்பாவின் கணக்கில் ஒன்றுமே கிடையாது.

அண்ணன் பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினான். அவனிடம் சொல்லாமல் இருக்க முடியாது. காலையில் அப்பா சொன்னதைக் குறிப்பேட்டைப் பார்த்து வரி மாறாமல் படித்துக் காட்டினாள். அவன் ரொம்ப நேரம் புத்தக அலமாரியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல."

"உடம்பு முடியாத மனுஷன். ஏதோ நெனவு தப்பி உளறியிருக்கார். அத விடு. அந்த மூணாம் நம்பருக்கே முதலிடம்னு போட்டு அனுப்பு. பிள்ளையும் நல்லாயிருக்கும், அப்பா பேரும் நிக்கும். யாருக்கு என்ன நஷ்டம், சொல்லு."

அவன் கேட்டதில் தப்பு இல்லை. யாருக்கு என்ன நஷ்டம் என்று அவளும்தான் யோசித்துப் பார்த்தாள். உள்ளதை எழுதினால் நாளைக்கே அப்பாவின் பெயர் நாறிவிடும், முகம் தெரியாத அந்தப் பிள்ளையின் உழைப்பும் சந்தேகத்தில் விழும். எழுதாவிட்டால் ஒரு பொய்க்கு இரண்டாவது பதக்கம்.

"அப்புறம் இந்தக் கோடு?" என்று பக்கங்களைக் காட்டினாள்.

அவன் புரட்டிப் பார்த்தான். "ஜன்னல் கதவு காத்துல அடிச்சிருக்கும். நீ படிக்கிற வேகத்துல கவனிச்சிருக்கமாட்ட."

இருக்கலாம். ஆனால் அப்பாவுக்குச் சளி என்று நாலு நாளாக அந்த ஜன்னலைத் திறக்கவே இல்லை. அதை அவள் சொல்லவில்லை.

நாலரைக்குக் கணினிமுன் உட்கார்ந்தாள். குழுவின் படிவத்தில் 'தரவரிசை' என்று ஒரு கட்டம், 'காரணங்கள்' என்று ஒரு கட்டம். கூடத்தில் யாரோ செருமுவது கேட்டது. முதலிடம் என்று தட்டி, அழித்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் யாரும் சொல்லாத ஒரு வார்த்தையை அவள் எழுதியதில்லை. அப்பா வாழ்நாள் முழுக்க அப்படி எழுதிய ஒன்றைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறார். இன்று காலையில்தான் இறக்கி வைத்தார். இறக்கி வைத்ததை மறுபடி அவர் தலையில் தூக்கி வைக்க அவளுக்கு மனசு வரவில்லை.

'நடுவர் காலை ஒன்பது இருபது மணிக்குக் கூறியது' என்று தொடங்கி, குறிப்பேட்டில் இருந்ததை அப்படியே தட்டச்சு செய்தாள். தப்பு என்னோடது, பிள்ளையோடது இல்ல என்பதையும் அதே வார்த்தையில் போட்டாள். 'ஒன்பதரை மணிக்குப் பிறகு நடுவர் எதுவும் பேசவில்லை. கீழ்க்காணும் பக்கங்களில் மூன்று முறை தட்டும் ஓசை கேட்டது. தட்டியவரை நான் பார்க்கவில்லை.' பக்க எண்களைக் கொடுத்தாள். தரவரிசை என்ற கட்டத்தில் 'கூறவில்லை' என்று எழுதி, ஐந்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது அனுப்பினாள்.

அண்ணன் வாசற்படியில் நின்றிருந்தான். எத்தனை நேரமாக நிற்கிறானோ.

"அனுப்பிட்டியா?"

"அனுப்பிட்டேண்ணா."

"உள்ளது அத்தனையுமா?"

அவள் தலையாட்டினாள். அவன் திட்டுவான் என்று எதிர்பார்த்தாள், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் திரும்பிக் கூடத்துக்குப் போனான். அப்பாவின் நெஞ்சிலிருந்து பதக்கத்தை எடுத்தான். எடுத்தானே தவிர அதை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. சட்டைப் பைக்குள் போடப் பார்த்தான், வேண்டாம் என்று நினைத்தானோ என்னவோ, கட்டிலுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த பிரம்பு நாற்காலியின் மேல் வைத்தான்.

அந்த நாற்காலி காலியாக இருப்பதை அப்போதுதான் சுருக்கு கவனித்தாள். மத்தியானத்திலிருந்து கூடம் கொள்ளாத கூட்டம். வயசானவர்கள்கூடச் சுவரில் சாய்ந்து நின்றார்கள். கால்வலிக்காரி பக்கத்து வீட்டக்கா தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"இதுல உக்காரலாமேக்கா," என்றாள் சுருக்கு.

"யாரோ உக்காந்திருந்த மாதிரி இருந்துச்சும்மா. இப்பதான் எந்திரிச்சுப் போயிருக்காங்க, வருவாங்கன்னு நெனச்சேன்," என்றாள் அக்கா.

வண்டி வர இன்னும் அரை மணி நேரம் இருந்தது. சுருக்கு அறைக்குப் போய் ஆய்வேட்டையும் பென்சிலையும் எடுத்து வந்தாள். அத்தியாயம் முடிய இரண்டு பக்கம் பாக்கி. முழுசும் கேட்டுட்டுச் சொல்றேன் என்றார் அல்லவா? படிக்கிற வேலை அவளுடையது, அதை அரைகுறையாக விட அவளால் முடியாது. கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து, அவர் காதுக்கு எட்டுகிற அளவு குரலில் இருநூற்றுப் பதிமூன்றாம் பக்கத்தை ஆரம்பித்தாள். வந்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், பிறகு பேச்சை நிறுத்தினார்கள். அண்ணன் சுவரோரமாக, தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருந்தான்.

படகுக்காரியின் மகன் சொன்னதை, ஆய்வேட்டை எழுதியவர் அவன் பேச்சிலேயே கொடுத்திருந்தார். தன் தாய் வெளியாளிடம் பேட்டி எதுவும் கொடுத்ததே இல்லை என்றான் மகன். புத்தகத்தில் தன் கதை வந்திருப்பதாக யாரோ படித்துச் சொன்னபோது அவள் ஆச்சரியப்படவில்லையாம். அதற்குப் பிறகு சாகும்வரை ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாளாம். சுருக்கு கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள்.

'"எங்கம்மா சொன்னது இதுதான்: ஒரு வருஷம் மழை, மூணு வாரம் படகு எடுக்க முடியல. அக்கரை விடுதி ஜன்னல்ல ஒரு ஆளு உக்காந்து எழுதிக்கிட்டே இருந்தான். ராப்பகலா எழுதினான். தனியா இருக்கானேன்னு நானும் படகைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டேன். தெனமும் கூப்பிட்டேன். அவன் நிமிரவே இல்ல. மீதியக் கேக்க என்னைக்காவது வருவான்னு அம்மா சொல்லும். வரலைன்னா நானே போறேன்னு சொல்லும்."'

அத்தோடு அத்தியாயம் முடிந்தது. அவள் படிப்பதை நிறுத்தி, பென்சிலைப் பக்கத்தின் ஓரத்தில் வைத்துக்கொண்டு அப்பாவின் கையைப் பார்த்தாள். வெள்ளைத் துணிக்கு மேல் அந்தக் கை அசையாமல் கிடந்தது.

அண்ணன் சட்டென்று தலை நிமிர்ந்தான். முதலில் அப்பாவைப் பார்த்தான், பிறகு பதக்கம் இருந்த நாற்காலியைப் பார்த்தான். எழுந்து போய்க் கூடத்து ஜன்னல் கதவைக் கையால் தள்ளிப் பார்த்தான். கொக்கி போட்டுத்தான் இருந்தது.

சுருக்கு அந்த வரிக்குப் பக்கத்தில் மூன்று கோடு போட்டாள்.